பொய் விமானத்துப் பயணி

ஜனவரி 5, திங்கள்

கருணாகரன் சார் புது டைரி கொடுத்தார். கம்பெனி டைரி. பக்கத்துக்குப் பக்கம் விமானப் படம். "எழுதுவியா தவமணி, இல்ல அலமாரித் தட்டுல விரிச்சிடுவியா?" என்று கேட்டார். "அஞ்சாங்கிளாஸ் படிச்சவ சார் நானு. அதுவும் ரெண்டு தபா. கணக்குப் பாத்தா ஆறு" என்றேன். சிரித்தார். அவர் சிரிப்பது அமாவாசைக்கு அமாவாசைதான். அதைப் பார்த்தவர்கள் உடனே ஏதாவது வேண்டிக்கொள்ளலாம்.

எழுதத்தான் போகிறேன். வீட்டில் எதைச் சொன்னாலும் இவர் காதில் ஏறுவதில்லை. ஆட்டோ ஓட்டி ஓட்டி ஒரு காது எஞ்சின் சத்தத்துக்கே பட்டா போட்டாகிவிட்டது.

முதலில் என் உத்தியோகத்தை எழுதுகிறேன். பல்லாவரத்துக்கு அந்தாண்டை பெரிய ஷெட். அதற்குள் அரை விமானம். இறக்கை கிடையாது, வால் கிடையாது, ஒரு நாளும் பறந்ததும் கிடையாது. உள்ளே மட்டும் சீட்டு, ஜன்னல், கதவு எல்லாம் அசல் போலவே இருக்கும். காலையில் அதைப் பெருக்கித் துடைப்பேன். பத்து மணிக்கு மேல் நானே அதில் பயணி. விமானத்தில் வேலை செய்கிற பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு தடவை இங்கே வந்து ஆபத்துக் காலத்துப் பாடத்தைத் திரும்பப் படித்துப் பாஸாக வேண்டும். பாஸாகாவிட்டால் மறுபடி பறக்க முடியாது. அவர்கள் காப்பாற்றிப் பழக ஆள் வேண்டுமே. அதுதான் நாங்கள், கூலிப் பயணிகள்.

மெஷின் போட்டு விமானத்தை ஆட்டுவார்கள். குழாய் வழியாகப் புகை விடுவார்கள். பொய்ப் புகைதான், வாயில் பட்டால் லேசாகத் தித்திக்கும். கண் எரியாது, இருமல் வராது, குழந்தை கூட உள்ளே தூங்கலாம். கேப்டன் அறையிலிருந்து மணி அடிக்கும். மணி அடித்ததும் பிள்ளைகள் "பெல்ட்டைக் கழட்டுங்க, பையை விடுங்க, இந்தப் பக்கம் வாங்க" என்று கத்துவார்கள். நாங்கள் ஓடிப்போய்க் காற்றடைத்த சறுக்கில் குதிக்க வேண்டும். என் இடம் எப்போதும் கடைசி வரிசை. மூலைதான் எனக்கு ராசி.

இன்று நான் கர்ப்பிணி. வயிற்றில் தலையணை. ஐம்பதை எட்டும் வயதில் இந்தப் பாக்கியம். கதவில் நின்ற பெண் "குதிங்கம்மா, குதிங்க" என்று கத்துகிறாள். நான், "அஞ்சு மாசம் கண்ணு, டாக்டரம்மா குதிக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்களே" என்றேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் என்னைத் தள்ளியேவிட்டாள். பாடம் நடத்துகிற கருணாகரன் சார் ரெண்டு பேரையும் திட்டினார். பிள்ளை நல்லபடி பிறந்தது, தலையணையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

ஜனவரி 8, வியாழன்

என்னைத் தள்ளிவிட்ட பெண்ணின் பெயர் ரோஸ்லின். தூத்துக்குடிப் பக்கம். பறக்க ஆரம்பித்து ரெண்டு வருஷம் ஆகிறது. விமானத்தின் பின்பக்க இடது கதவு அவள் பொறுப்பு. என் கடைசி வரிசைக்குப் பின்னால்தான் அவள் உட்காரும் மடக்கு நாற்காலி. அதனால் நாங்கள் அக்கம்பக்கத்து வீடு. என்னை "யக்கா" என்கிறாள். நான் ரோசு என்கிறேன்.

மணி அடித்துவிட்டால் அவள் புலி. குரல் கூரையில் போய் முட்டும். ஜன்னல் வழியாக வெளியே நெருப்பு இருக்கிறதா என்று பார்ப்பாள், பிடியைத் திருப்புவாள், கதவைத் தள்ளுவாள், கைப்பிடியில் ஒட்டிக்கொண்டு எங்களை ஒவ்வொருவராக இறக்குவாள். ஒரு பிசகு இருக்காது.

ஆனால் இன்று ஊமைப் பரீட்சையில் தோற்றுவிட்டாள். ஊமைப் பரீட்சை என்பது நான் வைத்த பெயர். அதில் மணி அடிக்காது, மைக்கில் கேப்டன் குரல் வராது. விமானம் ஆடி நிற்கும், புகை வரும், அவ்வளவுதான். கேப்டனுக்கு என்ன ஆனதோ என்று வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இருக்கிற பிள்ளை ஒரு தடவை போனைப் போட்டுப் பார்க்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் யார் உத்தரவுக்கும் காத்திராமல் தானே முடிவு செய்து கதவைத் திறக்க வேண்டும்.

ரோசு போனைப் போட்டாள். பதில் இல்லை. பிடியில் கையை வைத்தாள். அப்படியே நின்றாள். புகை வந்து அவள் முகம் மறைகிற வரைக்கும் நின்றாள்.

ஜனவரி 12, திங்கள்

இன்றும் தோற்றாள். கருணாகரன் சார் மேலே ஏறி வந்து கத்தினார்.

"யார் மூஞ்சியப் பாக்குற நீ? என்னத்துக்கு முன்னால முன்னால பாக்குற?"

"யாராவது சொல்லுவாவன்னு சார்."

"யார் சொல்லுவா? கேப்டன் செத்துட்டான். நான் செத்துட்டேன். இவ்ளோ பேரும் உன்னைத்தான் பாக்குறாங்க. நீ யாரைப் பாக்குற?"

தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் நான் கழிப்பறை கழுவப் போனால் உள்ளே உட்கார்ந்து அழுகிறாள். நாளைக்கு மூன்றாவது தடவை. அதிலும் தோற்றால் வேலையை விட்டே இறக்கிவிடுவார்களாம்.

"வீட்டுக்குப் போனா கல்யாணந்தாம்க்கா. மாப்பிள்ள பாத்து வச்சிருக்காவ. எனக்கு என்னன்னு தெரியல, யாரும் சொல்லாம கை வர மாட்டேங்கு. சின்ன வயசுல வீட்டுல சோத்துல கை வைக்கணும்னாலும் எங்கப்பா சொல்லணும்."

"ஏண்டி, இவ்ளோதானா?" என்றேன். "ஒருத்தர் சொல்லணும், அவ்ளோதானே. நான் உன் முன்னாடிதானே உக்காந்துகினு கீறேன். ரெண்டு தபா இருமறேன். இருமுனா தொற."

மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். அவள் சிரித்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஜனவரி 13

இருமினேன். திறந்தாள். பாஸ்.

பொய்ப் புகையில் யாரும் இருமாததால் என் இருமல் சங்கு ஊதியது போலக் கேட்டது. கருணாகரன் சார் திரும்பிப் பார்த்தார். "சளி சார். போகி வரதுக்குள்ளயே எங்க தெருவுல டயரக் கொளுத்திட்டானுங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தாளில் டிக் போட்டார்.

சாயங்காலம் ரோசு எனக்கு வெங்காய பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். ரெண்டு பேரும் இருமி இருமித் தின்றோம்.

ஜனவரி 15

பொங்கல். பால் பக்கவாட்டில் பொங்கியது. இவருக்குத் திசை பார்க்கத் தெரியாது என்பதால் நல்ல திசை என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 3

தண்ணி லாரி வரவில்லை. ரெண்டு குடத்தில் குளியல், சமையல், சண்டை எல்லாம்.

வேலைக்குப் போகும்போது விமானக் கம்பெனி வேன் பக்கத்தில் வந்தது. ஜன்னலைத் திறந்து யாரோ "லொக் லொக்" என்று இருமினார்கள். பார்த்தால் ரோசு. தலையை வாரி முடிச்சுப் போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி, பொம்மை மாதிரி இருக்கிறாள். நானும் பதிலுக்கு இருமினேன். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த பெரியவர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

இப்போதெல்லாம் எங்களுக்கு வணக்கமே இதுதான்.

பிப்ரவரி 27

ஊருக்குப் போய் வந்த ரோசு மக்ரூன் கொண்டுவந்தாள். வாயில் போட்டால் காணாமல் போகிறது. இவருக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. காது கேட்காதவர்களுக்கு ருசியும் தெரியாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று கேப்டன்களையும் பின்னால் வேலை செய்கிற பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்து வகுப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை இது நடக்கும். மேலே போனால் எல்லாரும் ஒரே கூட்டம், பெரியவர் சின்னவர் பார்க்காமல் பேச வேண்டும் என்று பாடம். நான் டீ கொண்டுபோனேன்.

கேப்டன் நீலமேகம் எழுந்து பேசினார். ஆறடி, மீசை, குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டினாற்போல. "எதுவா இருந்தாலும் எங்கிட்ட யார் வேணா சொல்லலாம். நான் தப்புப் பண்ணா என்னையே தடுக்கலாம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். உடனே ஒரு பிள்ளை கை தூக்கி, "கேப்டன், ஏசி ரொம்பக் குளிருது, கொஞ்சம் கொறைக்கலாமா?" என்று கேட்டது. அவர் அந்தப் பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். ஏசி குறையவில்லை. அதற்கப்புறம் யாரும் கை தூக்கவும் இல்லை.

ரோசு மூன்றாவது வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் டீயை வைத்து, "குடி, கேப்டன் உத்தரவு கொடுத்துட்டாரு" என்று காதில் சொன்னேன். தொடையில் கிள்ளிவிட்டாள்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி. வேப்பம்பூவைத் தாராளமாகப் போட்டுவிட்டேன். இவர் முகம் போன போக்கைப் படம் எடுத்து மாட்டலாம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

டீக்கடை டிவியில் காட்டினார்கள். வடக்கே ஒரு ஊரில் மழையில் இறங்கின விமானம் ஓடுதளத்தைத் தாண்டி வழுக்கிப் பள்ளத்தில் மூக்கைக் குத்தி நிற்கிறது. எங்கள் கம்பெனி நிறம். பின்பக்கம் கறுப்பாக இருந்தது.

கேப்டன் நீலமேகம் பேர் சொன்னார்கள். அப்புறம் மற்றவர்கள் பேர் ஓடியது. தமிழில் ஓடினாலும் எனக்கு எழுத்துக் கூட்டுவதற்குள் போய்விடுகிறது. டீக்கடைக்காரரைப் படிக்கச் சொன்னேன். "ரோஸ்லின்னு ஒரு பொண்ணு, உயிரோட கீது" என்றார். கடையில் இருந்த எல்லாருக்கும் என் கணக்கில் டீ சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகு டிவியில் இறந்துபோனவர்களைப் பற்றிச் சொன்னார்கள். பதினோரு பேர். எல்லாரும் பின்வரிசை. நெருப்பு அவர்களைத் தொடவே இல்லையாம். புகைதானாம்.

ஏப்ரல் 22

பயிற்சி இல்லை என்றார்கள். அரை விமானத்தைத் துடைத்தேன். நேற்றும் துடைத்ததுதான்.

ஏப்ரல் 25, சனி

கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவருகிறது. பள்ளத்தில் குத்தியதில் முன்பக்கம் நசுங்கி, பைலட் ரெண்டு பேருக்கும் தலையில் அடி. கேப்டன் மணியை அழுத்தியிருக்கிறார். கம்பி அறுந்துபோயிருந்ததால் மணி அடிக்கவில்லை. போனும் செத்துவிட்டது. முன்கதவில் இருந்த மோகனா மேடம் எட்டிப் பார்த்துவிட்டுத் தானே திறந்துவிட்டார்கள். முன்பாதி ஜனம் முழுக்கப் பிழைத்தது. பின்பக்கம் வலது கதவில் ஒரு புதுப்பெண். அவள் பக்கம் வெளியே நெருப்பு. திறக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, திறக்கவில்லை. இடது பக்கம் ஒன்றும் இல்லை. வெறும் மழை, புல்.

இடது கதவைத் தீயணைப்பு ஆட்கள் வெளியிலிருந்து திறந்தார்கள். உள்ளே ரோசு பிடியில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாளாம்.

கடுகு தாளிக்கும்போது கருக்கிவிட்டேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். இந்த மனுஷனுக்கு எதைச் சொல்லக் கூடாது என்று மட்டும் தெரிந்திருக்கிறது.

மே 2

கருணாகரன் சார் என்னை அறைக்குள் கூப்பிட்டார். ஷேவ் செய்யவில்லை. எதிரில் பழைய பரீட்சைத் தாள்கள்.

"ரோஸ்லின் ஜனவரியில மூணாவது தடவைதான் பாஸ் பண்ணா. நீதானே கடைசி சீட்ல இருந்த? எப்படிப் பண்ணா அன்னிக்கு?"

"சூப்பரா பண்ணா சார்."

"அதான் எனக்கும் ஞாபகம். டக்குனு தொறந்தா. அவ்ளோ நல்லாப் பண்ண பொண்ணு ஏன் நின்னா? கத்துக்கொடுத்ததுல என்ன தப்பு? எனக்குத் தூக்கமே வரல தவமணி."

"டீ கொண்டாரட்டா சார்?" என்று கேட்டேன்.

அவர் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். முறைப்படி பயிற்சி தரப்பட்டது, பரீட்சையில் தேறினாள், ஆகையால் தவறு அந்தப் பெண்ணுடையது என்று. பொய் எழுதுகிற மனுஷன் இல்லை. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே தூசு ஆகாது. தூசு பட்டால் இருமல் வரும். இந்த ஷெட்டில் தூசு அதிகம்.

மே 11

ரேஷனில் பாமாயில் போட்டார்கள்.

மே 17, ஞாயிறு

ரோசுவைச் சென்னை ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று இவர் விசாரித்துச் சொன்னார். அவரே ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார். நான் கேட்கவே இல்லை.

கைக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். புகையோடு வந்த சூட்டில் பிடி காய்ந்து உள்ளங்கை வெந்துபோயிருக்கிறது. அப்படியும் கையை எடுக்கவில்லை. கதவு இடுக்கில் கசிந்த காற்றில்தான் உயிர் தங்கியதாம். அவள் அம்மா வெளியே ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் என்றுதான் போனேன். "இன்னாடி, பிடிய வுடாம பிடிச்சிகினு இருந்தியாமே, வீட்டுக்கு எடுத்துக்கினு வரலாம்னா?" என்று வாய் வரைக்கும் வந்தது. வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். என் வாய் அப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை.

அவளாகவே பேசினாள். குரல் கரகரவென்று இருந்தது.

"அந்தப் புதுப்பிள்ள கத்துனாக்கா. 'எம்பக்கம் தீ, உங்க பக்கம் தொறங்கக்கா'ன்னு. நான் அவகிட்ட, பொறு, இன்னும் மணி அடிக்கலன்னேன். எனக்குத் தெரியும்க்கா, தொறக்கணும்னு. சன்னல்ல பாத்தேன், வெளிய ஒண்ணுமில்ல. கையும் பிடியிலதான் இருந்துச்சி. கடைசி சீட்டுல ஒரு அம்மா. ஒங்க வயசுதான் இருக்கும். அவ என்னையப் பாத்துக்கிட்டே இருந்தா. நான் அவளப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாக வைத்தேன். அவள் சாப்பிடவில்லை. நானே எல்லாவற்றையும் தின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 9

பேப்பரில் ரோசுவின் படம். கீழே என்ன போட்டிருக்கிறது என்று கூட்டிப் படித்தேன். பாதி படித்துவிட்டு அதில் கருவாடு மடித்தேன்.

ஜூன் 23

கேப்டன் நீலமேகம் ஷெட்டுக்கு வந்தார். தலையில் தையல் தழும்பு. மீசை நரைத்துவிட்டது, இல்லை முன்பு மை பூசியிருந்தாரோ என்னவோ. கருணாகரன் சாரிடம் பேசிவிட்டு வெளியே வந்து என் துடைப்பத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"நான் மணிய அழுத்தினேம்மா. கேக்கும்னு நெனச்சேன். கேக்கலன்னா அவங்களே தொறந்துடுவாங்கன்னு நெனச்சேன். கதவத் தட்டிக் கூட யாரும் கேக்கலியே" என்றார்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்திருக்கிறது. நான்தான் அங்கே இருந்தேன்.

"உங்களக் கேக்க பயந்திருப்பாங்க சார்" என்றேன். ஏசி விஷயத்தைச் சொல்லவில்லை. அவரே ஏதோ நினைத்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே போனார். இந்த வேலையில் சேர்ந்து நான் ஒரு கேப்டனிடம் பேசிய முதல் பேச்சு இது.

ஜூலை 7, செவ்வாய்

விசாரணைக்காரர்கள் நாளை மறுநாள் வருகிறார்கள். அன்றைக்கு நடந்ததை நடந்தபடியே எங்கள் அரை விமானத்தில் செய்து பார்க்கப் போகிறார்களாம். ரோசுவைக் கூட்டி வருகிறார்கள். இதைப் பார்த்துத்தான் முடிவு எழுதுவார்கள். தெரிந்தே நின்றாள் என்றால் கேஸ், ஜெயில் என்கிறார்கள். பயிற்சியில் கோளாறு என்றால் கம்பெனி மேல் போகும். கோளாறு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை என்கிறார் கருணாகரன் சார்.

பயணிகளாக உட்கார எங்களைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவரவர் இடத்தில். எனக்குக் கடைசி வரிசை.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கிற காதுப் பக்கமாக உட்கார்ந்து சொன்னேன். "அன்னிக்கு அந்தப் பொண்ணு தோத்திருந்தா இன்னாடி ஆயிருக்கும்?" என்று கேட்டார்.

"ஊருக்குப் போயிருப்பா. கல்யாணம் ஆயிருக்கும்."

"அப்ப அந்தக் கதவுல?"

"வேற யாராவது நின்னுருப்பாங்க."

எழுந்து போய் ஆட்டோவைத் துடைக்க ஆரம்பித்தார். காலையில்தான் துடைத்திருந்தார்.

ஜூலை 9, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

விசாரணை அதிகாரி சம்பந்தம் என்று ஒருவர். வெள்ளை முடி, பருத்திச் சட்டை, மெதுவான பேச்சு. எல்லாரையும் "வாங்க, உக்காருங்க" என்றார். ரோசு வந்தாள். சீருடை இல்லை, சுடிதார். கைக்கட்டு எடுத்துவிட்டார்கள். உள்ளங்கைத் தோல் வெளுத்து, பளபளவென்று, வேறு யாருடைய கையோ போல இருந்தது. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அவள் முன்னால்.

விமானத்தை ஆட்டி நிறுத்தினார்கள். விளக்கு அணைந்தது. மணி இல்லை. புகை வந்தது. ரோசு எழுந்து போனைப் போட்டாள். வைத்தாள். ஜன்னலில் பார்த்தாள். பிடியில் கை வைத்தாள். எல்லாம் அச்சுப் பிசகாமல் செய்தாள்.

அப்புறம் நின்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். புகைக்கு நடுவே அவள் கண் மட்டும் தெரிந்தது. அதிகாரிகள் குறித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. புகை ஏறிக்கொண்டே போனது. அவள் முகம் மறையப் போகிறது, இன்னும் கொஞ்சம்தான். எனக்கு அந்த அம்மா ஞாபகம் வந்தது. என் வயதுதான் என்றாளே. அவளும் இப்படித்தான் கழுத்தைத் திருப்பி உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

புகை தொண்டையில் ஏறிவிட்டது. இருமிவிட்டேன். ரெண்டு தடவை.

கதவு பறந்தது. "பெல்ட்டைக் கழட்டுங்க! பையை விடுங்க! இந்தப் பக்கம் வாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அதிகாரி ஒருவர் கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டார். என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். சறுக்கிக் கீழே போய் விழுந்து நிமிர்ந்து பார்க்கிறேன், மேலே கைப்பிடியில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொருவராக இறக்குகிறாள். புலி. அதே புலி. இருந்த எல்லாரும் வெளியே வந்துவிட்டோம். ஒருத்தர் பாக்கியில்லை.

கடைசியாக அவள் மட்டும் கதவில் நின்றாள். அப்போதுதான் என்ன நடந்தது என்று அவளுக்கே தெரிந்திருக்கும். வாயைப் பொத்திக்கொண்டாள்.

கருணாகரன் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்ததெல்லாம் மெதுவாக இறங்கிப் போனது.

சம்பந்தம் சார், "இன்னொரு தடவை பார்த்துடலாமா?" என்றார். அப்புறம் என்னைக் காட்டி, அதே மெதுவான குரலில், "அந்த அம்மா மட்டும் வெளிய இருக்கட்டும்" என்றார்.

சறுக்குக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். புகை மெஷின் உஸ்ஸென்று ஆரம்பித்தது கேட்டது. நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புறா வந்து மேலே உட்கார்ந்தது. போனது. கதவு திறக்கவில்லை. இவ்வளவு தூரத்திலிருந்து இருமினால் அவளுக்குக் கேட்காது.

கதவு திறக்கவேயில்லை. மெஷினைத்தான் நிறுத்தினார்கள்.

ரோசு பக்கத்துப் படி வழியாக இறங்கி வந்தாள். கூட வந்திருந்த அம்மா கையைப் பிடிக்க வந்தபோது விலக்கிவிட்டு நேராக என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையை எடுத்து அந்த வெந்த கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கி நீங்க இல்லியேக்கா" என்றாள்.

அவ்வளவுதான். போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜூலை 10, வெள்ளி

காலையில் கோலம் போட்டேன். நாலு புள்ளி தப்பு, அப்படியே விட்டுவிட்டேன். சம்பந்தம் சார் வரச் சொல்லியிருந்தார், நீலப் புடவை கட்டிக்கொண்டேன். ஷெட் வாசலில் இவர், "நான் உள்ளாற வரட்டா?" என்று கேட்டார். வேண்டாம், வாசலிலேயே இருங்கள், திரும்பி வர ஆட்டோ வேண்டும் என்றேன்.

சம்பந்தம் சார் என்னைத் தனியாக அழைத்து உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பக்கத்தில் ஒரு பெண் எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"நேத்து இருமினீங்க."

"புகை சார். தொண்டையில ஏறிடுச்சு."

"அந்தப் புகையில யாருக்கும் இருமல் வராதுன்னு கருணாகரன் சொல்றாரு. நானும் உள்ளேதான் இருந்தேன். எனக்கு வரல."

"எனக்குத் தூசு ஆவாது சார். சின்ன வயசுலேர்ந்து."

"சரி." கோபமே வரவில்லை அவருக்கு. வெளியே ஒரு விமானம் ஏறுகிற சத்தம் கேட்டது. அது போய் முடிகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு, டாக்டர் கேட்கிறாற்போல, "இந்த இருமல் உங்களுக்கு எத்தனை நாளா இருக்கும்மா?" என்று கேட்டார்.

வேடிக்கையாக எதையாவது சொல்லலாம் என்று தேடினேன். எனக்கு எப்போதும் ஏதாவது கிடைக்கும். எழவு வீட்டில் கூடக் கிடைத்திருக்கிறது. இன்று எவ்வளவு தேடியும் ஒன்றும் இல்லை.

"ஜனவரிலேர்ந்து சார்" என்றேன்.

அந்தப் பெண் எழுத ஆரம்பித்தாள்.